ஓசையின்றி ஒதுங்குதல்

மாணவ நண்பர்களே, காலை ஒன்பது மணிக்குத் தேனாம்பேட்டைச் சந்திப்பில் சற்று நின்று பாருங்கள். அண்ணாசாலையில் எழும் ஊதொலி ஒவ்வொன்றுக்கும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கென ஒலிப்பது எது என்பதைச் செவி தானே பிரித்தறிகிறது. சட்டைப்பையிலுள்ள கைப்பேசி சிணுங்கினால் மட்டும் உடனே எடுத்துப் பார்க்கிறோம். வகுப்புக் குழு, பழைய பள்ளிக் குழு, உறவினர் குழு, குடியிருப்போர் குழு. காலை வணக்கப் படமே நாற்பது வந்திருக்கும்!

முகநூலில் ஒருவர் 5,000 பேரை நண்பராகக் கொள்ளலாம். மனித மனமோ அத்துணை அகன்றதன்று. ஏறத்தாழ 150 பேருடன்தான் நிலையான உறவு பேண இயலும் என்று ராபின் டன்பார் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1990களில் கணித்தார். அவ்வெண்ணை ஒப்பாதாரும் உளர். ஆயினும் ஐயாயிரவர் நலத்தையும் நாள்தோறும் உசாவ எவரால் முடியும்?

நட்பை முறித்தால் மனம் புண்படும். வாட்ஸ்அப் குழுவை விட்டு நீங்கினாலோ, 2022 வரை அச்செய்தி எல்லார்க்கும் பறைசாற்றப்பட்டது. பின்னரே நிர்வாகிகளுக்கு மட்டும் அறிவிக்கும் முறை வந்தது. முறிப்பதற்கும் பொறுப்பதற்கும் இடைப்பட்ட வழியே 'மியூட்'. செய்தி வந்து சேரும், ஒலி எழாது, அனுப்பியவர் அதனை அறியார். 2020 அக்டோபர் முதல் ஒரு குழுவை என்றென்றைக்குமே இவ்வாறு அடக்கி வைக்கலாம். முகநூலில் ஒருவருடைய பதிவுகளை 30 நாள் மட்டும் காணாதிருக்கும் வசதி 2017-இல் வந்தது.

இது வஞ்சனை அன்றோ எனச் சிலர் வினவுவர். முடியக்கூடிய காரியத்தையும் கெடுப்பவரது நட்பைக் காரணம் கூறாமலே தளரவிடுமாறு 'தீ நட்பு' அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். நம் நண்பர் தீயவர் அல்லர். சற்று மிகுதியாகப் பேசுபவர், அவ்வளவே. ஆகவே நாம் ஒதுங்குவது அவரிடமிருந்து அன்று, அவர் எழுப்பும் ஓசையிலிருந்தே. தேர்வு முடிந்தபின் நேரில் கண்டு அளவளாவத் தடையேது? நானும் ஓர் உறவினர் குழுவை அடக்கியே வைத்திருக்கிறேன். இதைக் கேட்டு அவர்கள் அறிந்தால் அறியட்டும்.

எனினும் எல்லாக் குழுக்களையும் விட்டு அறவே விலகுவதை நான் ஒப்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகும் உணவும் வேண்டிச் சென்னை மக்கள் பலர் இவ்வலைத்தளங்கள் வழியாகவே குரல் கொடுத்தனர். கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் அவ்வழியேதான் பரவியது. பண்ணையார் அதனை மறுக்க வேண்டியதாயிற்று. மெய்யான அழைப்பு இத்தகைய ஓசையில் அமிழ்ந்துவிடக் கூடாதல்லவா? ஐப்பசி பிறந்ததும் குடியிருப்போர் குழுவின் ஒலியை நான் மீண்டும் திறந்து வைப்பது இதனால்தான்.