புது கிட்னி... பழைய வைரஸ்!

மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வருஷம் டயாலிசிஸ். பிறகு மனைவியே கிட்னி கொடுக்க, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டர் சொல்கிறார்: "ரத்தத்துல ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கு."

மனைவி பதறுகிறார். "ஏனுங்க டாக்டர், மஞ்சக்காமாலை, காய்ச்சல் ஒண்ணுமே வரலீங்களே? முன்னாடி எடுத்த டெஸ்ட்லகூட இல்லைன்னுதானே வந்துது?"

வரவில்லைதான். ஆபத்தே அந்த அமைதியில்தான் இருக்கிறது!

கம்பெனியில் செக்கிங் டேபிள் பார்த்திருப்பீர்கள். உடம்பில் அந்த வேலை வெள்ளை அணுக்களுடையது. 'டி' செல்களில் ஒரு வகை உத்தரவு போடும். இன்னொரு வகை, வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கும். 'பி' செல்கள் எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும்.

இவற்றின் கண்ணுக்கு, தானமாக வந்த கிட்னியும் அந்நியச் சரக்குதான். அதைத் தாக்காமலிருக்கவே மாத்திரைகள். டாக்ரோலிமஸ் 'டி' செல்களை விழிக்க விடாது. மைகோஃபினோலேட் அவை பெருகுவதைத் தடுக்கும்.

மறுபக்கம் வைரஸும் சும்மா இருப்பதில்லை. வருஷக்கணக்கில் சீண்டிச் சீண்டி, அழிக்கும் செல்களைச் சோர்ந்துபோக வைக்கிறது. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்தவர் டேபிளிலேயே தூங்கி வழிவாரே, அப்படி! மருந்தால் பாதி, வைரஸால் பாதி என்று காவல் அடங்க, வைரஸ் தாராளமாகப் பெருகுகிறது.

கல்லீரல் சேதத்தில் பெரும்பங்கு, வைரஸோடு நம் செல்கள் போடும் சண்டையால் வருவது. சண்டை குறைந்தால் எஸ்.ஜி.பி.டி. அளவு நார்மலாகவே தெரியலாம். எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு உருவாகாததால், அதைத் தேடும் டெஸ்ட்டும் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் இப்படி நடப்பதுண்டு. வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதோ 1989-ல்! அதுவரை ரத்தத்தில் இதைச் சோதிக்க வழியே இல்லை. பிறகு வந்த இன்டர்ஃபெரான் ஊசியிலும் ஒரு சிக்கல். அது தூங்கும் செல்களைத் தட்டி எழுப்பும். எழுந்தவை கிட்னியையும் தாக்கலாம்.

இன்று அந்தப் பயமில்லை. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை நேரடியாக முடக்குகின்றன. பெரும்பாலும் 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். கிட்னி மாற்றிக் கொண்டவர்களும்தான்! 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், அரசு சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கிட்னி மாற்றியிருந்தால்...

* ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* வைரஸ் இருக்கிறதென்று, கிட்னிக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிட்னியே போய்விடும்!

* சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் அவசியம். சி போகும்போது, பதுங்கியிருக்கும் பி தலைதூக்கலாம்.

* கல்லீரல் தேறும்போது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு குறையலாம். அடிக்கடி சோதியுங்கள்.

* குணமானாலும் மறுபடி தொற்றலாம், தடுப்பூசி கிடையாது. ரேஸர், நகவெட்டி தனியாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. ஒதுக்கி வைக்காதீர்கள்.

'உடம்புக்கு ஒண்ணுமில்லையே' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டும் அதையே சொல்லட்டும்!