பழைய கம்ப்யூட்டர்: எந்தச் சாமானை முதலில் மாற்றுவது?



நம்மில் பலருக்கு இன்று இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று கடையில் பில் போடுவதற்கு. மற்றொன்று பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கி, நாளடைவில் கேம் விளையாடும் பெட்டியாகிவிட்டது. ஐந்தாறு வருஷம் ஆனதும் பிள்ளை வந்து நிற்கிறான். "அப்பா, கேம் திக்கித் திக்கி ஓடுது, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்கிறான். விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டுகிறது. மறுக்கவும் மனமில்லை, கொடுக்கவும் துணிவில்லை.

இது படித்த இன்ஜினியருக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒதுங்க வேண்டாம். சரக்கு எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பழகிய வியாபாரிக்கு இது கைவந்த கணக்கு.

தேக்கம் எங்கே?

பண்டிகை நாளில் கடையில் பொட்டலம் கட்ட நான்கு பேர் நிற்கிறார்கள், தராசு ஒன்றே ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐந்தாவது ஆளைப் போட்டால் கூட்டம் குறையுமா? குறையாது. இன்னொரு தராசு வைத்தால்தான் குறையும். நமது ஊரில் குடும்பத்தோடு கிரிவலம் போகிறோம். பதினான்கு கிலோமீட்டரையும் ஓடியே முடித்துவிடும் பையன் கூட வந்தாலும், முழங்கால் வலிக்கும் பாட்டி நடக்கும் வேகம்தான் குடும்பத்தின் வேகம். பையனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுப்பதால் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். பிராசஸர் என்பது கணக்குப்பிள்ளை. ரேம் என்பது அவர் கைக்கு எட்டும் மேசை. ஹார்டு டிஸ்க் என்பது குடோன். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரைபவர். எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி இவர்கள் அனைவருக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிறது. இவர்களில் யாருக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்களோ, அவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றிய ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1967ல் இதையொட்டிய ஒரு கணக்கை எடுத்துச் சொன்னார். உதாரணமாக, ஒரு கேம் திறக்க 60 விநாடி ஆகிறது. அதில் 40 விநாடி டிஸ்கிலிருந்து எடுப்பதற்கும், 20 விநாடி பிராசஸர் வேலைக்கும் போகிறது. பெரும் செலவு செய்து இரண்டு மடங்கு வேகமுள்ள பிராசஸர் போட்டால் 20 என்பது 10 ஆகும். மொத்தம் 50 விநாடி. அதைவிடக் குறைந்த செலவில் நான்கு மடங்கு வேகமுள்ள டிஸ்க் போட்டால் 40 என்பது 10 ஆகும். மொத்தம் 30 விநாடி. எந்தச் சாமான் உயர்ந்தது என்பதல்ல, எந்த இடத்தில் நேரம் போகிறது என்பதே கேள்வி.

காசில்லாத சோதனை

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பக்கத்தில் ஒவ்வொரு சாமானும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். பிள்ளையைக் கேம் ஆடச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு எப்போதும் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், பிள்ளை சொல்வது உண்மை. கார்டு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்க, கேம் திக்கினால், பெரும்பாலும் பிராசஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். ரேம் முழுவதும் நிரம்பியிருந்தால் மேசை போதவில்லை. டிஸ்க் 100ல் நின்றால் குடோனில் தேக்கம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கேமின் செட்டிங்கில் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் குறை கார்டில் இருக்கிறது. கூடாவிட்டால் வேறெங்கோ இருக்கிறது. மானிட்டரையும் கேட்டுக் கொள்ளுங்கள். அது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. கார்டு 120 படம் வரைந்தாலும் பாதி கண்ணுக்கு வராது.

இதற்கெல்லாம் முன்னால் பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். நமது ஊர் வெயிலும் புழுதியும் தெரிந்ததே. விசிறியில் தூசி அடைத்தால் பிராசஸரும் கார்டும் சூடேறி, தம்மைக் காத்துக் கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பிராசஸர் மேல் தடவிய பசையும் சில வருஷங்களில் காய்ந்துவிடும். இவற்றைச் சரிசெய்யும் செலவு மிகச் சொற்பம்.

எங்கள் வீட்டுப் பெட்டி

எங்கள் வீட்டுப் பெட்டி 2018ல் வாங்கியது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜி.பி. ரேம், ஹார்டு டிஸ்க், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு. 2024ல் பேரன் கேட்டது கார்டு. சோதித்ததில் ரேம் நிரம்பி வழிந்தது, டிஸ்க் 100ல் நின்றது. சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை எடுக்கும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. எடுக்கும். இன்னொரு 8 ஜி.பி. ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்டோம். ஒரே ரேமைவிட இரண்டு ரேம் ஜோடியாக இருப்பது வேகத்துக்கும் நல்லது. அவன் அதிகம் ஆடும் வாலரன்ட் கார்டுக்குப் பெரிய பாரம் கொடுக்காத கேம். திக்கல் நின்றது. கனமான புதுக் கேம்களுக்கு அந்தக் கார்டு போதாது என்பது உண்மைதான். அதற்கான பணத்தைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு அவனுடையது என்று முடிவாகியிருக்கிறது.

பொருந்துமா என்று பாருங்கள்

சாமான் வாங்குமுன் பொருத்தம் பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ரேம்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. இன்டெல் ஏழாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேலை செய்யாது. பிராசஸர் மாற்றினால் போர்டும் மாற்ற வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2017ல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரைப் போட முடிந்தது.

கார்டு மாற்றினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். 1050 டி.ஐ. இழுப்பது 75 வாட். ஆர்.டி.எக்ஸ். 3060 இழுப்பது 170 வாட். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தேவை என்று என்விடியா கம்பெனியே சொல்கிறது. பேர் தெரியாத மலிவு எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டு போகும்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்கு முந்தைய பெட்டியில் விலையுயர்ந்த கார்டு போடுவது, இடியும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

சந்தை நிலவரம்

உலகில் ரேம் சிப் தயாரிப்பில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. 2025ன் பிற்பகுதியில் செயற்கை அறிவு டேட்டா சென்டர்களுக்குச் சிப் பெருமளவில் போனதால், ரேம் விலை கடுமையாக ஏறியது. அவ்வருஷம் டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கான தனது குரூசியல் வியாபாரத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தது. மொத்தக் கொள்முதல்காரன் வந்தால் சில்லறைக்குச் சரக்கு இல்லை என்பது நமக்குப் புதிதல்ல. ஆகவே போன வருஷ விலையை நினைத்துக் கொண்டு போகாதீர்கள். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் அன்றைய விலையை விசாரித்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால் கவனம் தேவை. ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயத்தை உண்டாக்க இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்பட்டதும் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. ஓட்டிக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் பார்த்து வாங்குவது நல்லது.

பிள்ளையின் கார்டுக்கான பில்லைக் கடைக் கணக்கில் போட்டு ஜி.எஸ்.டி. வரவு எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்கு மட்டுமே வரவு உண்டு. கடை பில் கம்ப்யூட்டருக்கு வாங்கும் எஸ்.எஸ்.டி.க்கு முறையான பில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

கடைப் பெட்டிக்கு முதலிடம்

கடைக் கம்ப்யூட்டரையும் இதே போல் சோதியுங்கள். பில் போடுவதற்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அங்கே தேங்குவது பெரும்பாலும் டிஸ்கும் ரேமும்தான். ஆனால் வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறேழு வருஷம் சுற்றிய ஹார்டு டிஸ்க் எந்த நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் நமது கடன் பாக்கிப் பட்டியல் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குகளை அந்த வருஷத்து ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் காப்பாற்றி வைக்க வேண்டும். கேம் திக்கினால் பிள்ளைக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். கடை டிஸ்க் நின்றால் வரவேண்டிய பாக்கிக்கு ஆதாரம் போய்விடும்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு கடைப் பெட்டிக்கு எஸ்.எஸ்.டி., நல்ல யு.பி.எஸ்., வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் நகல். டிஸ்க் மாற்றும் நாளுக்கு முன்னரே கணக்கின் நகலை எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டாம் பங்குதான் வீட்டுப் பெட்டிக்கு. அதையும் பிள்ளையோடு உட்கார்ந்து, சதவீதத்தைப் பார்த்து, எது தேக்கமோ அதற்கு மட்டும் செலவிடுங்கள். ஒரு சாமான் மாற்றியதும் மறுபடி சோதித்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள். தேக்கம் அறிந்து முதல் போடுவதைப் பிள்ளை இந்த வயதிலேயே கற்றுக் கொண்டால், நாளைக்குக் கல்லாவில் உட்காரும்போது அது அவனுக்கு உதவும்.