தோளை இடிக்காத தோட்டா

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் உங்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. இளங்கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிடும். அதைச் சுட உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். ஆனால் காலிலோ வயிற்றிலோ குண்டு பட்ட பன்றி நிரைக்குள் பதுங்கினால், மறுநாள் காலை அதன் எதிரில் நிற்பவர் பழம் வெட்டப்போகும் தொழிலாளி. ஆகவே, எந்தத் தோட்டா நல்லது என்பது நமக்கும் உரிய கேள்விதான்.

"பெரிய தோட்டாவாகப் போட்டால் பன்றி விழுந்துவிடும்" என்பார்கள். அது பாதி உண்மை. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வந்து தோளை இடிக்கிறது. குண்டின் எடையும் மருந்தும் கூடினால் இடியும் கூடும். துப்பாக்கி கனமாக இருந்தால் இடி குறையும். பலமாக இடிபட்டுப் பழகியவர், விசையை இழுக்குமுன் தம்மை அறியாமலே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார். குறி தப்பிவிடும்.

வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை இடி குறைந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவால்தான் வீழ்த்தினார். அமெரிக்காவில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடுவோரில் பலரும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். தோட்டாவின் பருமனைவிட, குண்டு படும் இடமே முக்கியம்.

நம் பக்கம் புழங்கும் 12 போர் துப்பாக்கிக்கு வருவோம். பன்றிக்கான சாதாரண 70 மில்லிமீட்டர் தோட்டாவில் சுமார் 32 கிராம் ஈயக் குண்டுகள் இருக்கும். 76 மில்லிமீட்டர் மேக்னத்தில் அது 50 கிராமையும் தாண்டலாம். தோளைப் பதம் பார்ப்பது இதுதான். நிரைக்குள் கிட்டத்தில் நின்று சுடுவதற்குச் சாதாரணத் தோட்டாவே போதும். குழலில் 70 என்று பொறித்திருந்தால் மேக்னத்தைப் போடவே கூடாது. துப்பாக்கிக் கட்டையின் முனையில் ரப்பர் பட்டை பொருத்தினால் இடி இன்னும் தணியும்.

20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாவோடு ஒரே பையில் வைக்காதீர்கள். சிறிய தோட்டா பெரிய குழலுக்குள் நழுவி நின்றுவிடும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பன்றியைச் சுட 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி உரிமமும் வேண்டும்.

இரவில் வெடிச்சத்தம் கேட்டால், காலையில் வேலைக்கு இறங்குமுன் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பன்றி விழுந்ததா, அடிபட்டு ஓடியதா?" ஓடியது என்றால், அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்த நிரைக்குள் யாரும் இறங்க வேண்டாம்.