தலைநகரை விஞ்சிய ஊர்

ஒரு நாட்டின் தலைநகரமே அந்நாட்டின் மிகப்பெரிய நகரமாகவும் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. கரீபியக் கடலின் தென்கோடியில், வெனிசுலாக் கடற்கரைக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள டிரினிடாட் டொபாகோ இவ்வெண்ணத்திற்கு மாறானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் தலைநகரமான போர்ட் ஆப் ஸ்பெயினில் வாழ்ந்தோர் 37,074 பேர் மட்டுமே. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சகுவானாஸ் என்னும் ஊரிலோ 83,516 பேர் வாழ்ந்தனர். தலைநகரைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் மக்கள் வாழும் ஊராக அது வளர்ந்த கதை, அத்தீவுக்கு யார் யார், எப்பணிக்காக வந்து சேர்ந்தனர் என்னும் வரலாற்றோடு பிணைந்தது.

ஸ்பெயின் நாட்டவர் ஆட்சியில் டிரினிடாட் நெடுங்காலம் மக்கள் அருகிய தீவாகவே கிடந்தது. 1783இல் அவ்வரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கத்தோலிக்கராக இருந்து, ஸ்பெயின் மன்னருக்குக் கட்டுப்படுவோர்க்கு நிலம் இலவசமாக வழங்கப்படும் என்பதே அதன் சாரம். அண்டைத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தம் ஆப்பிரிக்க அடிமைகளுடன் வந்து குடியேறினர். அடிமைகளை மிகுதியாகக் கொண்டுவந்தோர்க்கு நிலமும் மிகுதியாகக் கிடைத்தது என்பது அவ்வாணையின் கொடிய கூறு. 1797இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஸ்பானியப் பெயர் தாங்கிய சான் பெர்னாண்டோவும் பிரெஞ்சுச் சாயல் கொண்ட பாயின்ட் போர்ட்டினும் ஆங்கிலம் பேசும் இந்நாட்டில் அருகருகே இருப்பது இதனால்தான்.

1838இல் அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது. விடுதலை பெற்றோரில் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறி, நகர்ப்புறங்களிலும் அவற்றை ஒட்டிய குன்றுகளிலும் குடியமர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வேலைக்கு, குறைந்த கூலிக்கு ஆள் தேடிய தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மீது விழுந்தது. 1845 மே 30 அன்று, 'ஃபதல் ரசாக்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 225 பேரை ஏற்றிக்கொண்டு டிரினிடாடை அடைந்தது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 1,44,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் சென்ற தமிழரும் தெலுங்கரும் அங்கு 'மதராசிகள்' என ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர்.

ஒப்பந்தம் முடிந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அரசுக்குச் செலவாயிற்று. ஆகவே 1869 முதல் சில ஆண்டுகள், தாயகம் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தோர்க்கு நிலம் வழங்கப்பட்டது. கூலிகளாக வந்தோர் இவ்வாறு உழவர்களாயினர். கரும்பு விளையும் நடுச்சமவெளியில் சிற்றூர்கள் பெருகின. சகுவானாஸ் அச்சமவெளியின் சந்தை ஊர். 1880இல் தொடர்வண்டிப் பாதை அதனைக் கடந்து சென்றபோது அதன் வணிகம் விரிந்தது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வி. எஸ். நைபால் 1932இல் பிறந்ததும் இவ்வூரிலேயே.

இருப்பினும், சகுவானாஸின் பெருவளர்ச்சி அண்மைக்காலத்தது. தொடர்வண்டி 1968இல் நின்றுபோனாலும் அதற்குள் நெடுஞ்சாலைகளின் காலம் தொடங்கியிருந்தது. வடக்கிலிருந்து வரும் யூரியா பட்லர் நெடுஞ்சாலையும் தெற்கே செல்லும் சாலமன் ஹோச்சாய் நெடுஞ்சாலையும் இவ்வூரில்தான் இணைகின்றன. பட்லர் கிரெனடாத் தீவில் பிறந்து, எண்ணெய் வயல்களில் 1937ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை வழிநடத்திய தொழிலாளர் தலைவர். ஹோச்சாய் சீன வழியினர். விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைமை ஆளுநர். அந்நாட்டு மக்களின் பன்மையை இவ்விரு சாலைப் பெயர்களே உணர்த்திவிடும். 2000க்கும் 2011க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை 12,62,366இலிருந்து 13,28,019ஆக உயர்ந்தது. அவ்வுயர்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சகுவானாஸ் என்னும் ஓரூருக்கு உரியது. அதே காலத்தில் தலைநகரம் 49,031இலிருந்து 37,074ஆகவும், சான் பெர்னாண்டோ 55,419இலிருந்து 48,838ஆகவும் சுருங்கின.

அவ்வாறாயின் போர்ட் ஆப் ஸ்பெயின் தேய்ந்துவரும் ஊரா? எல்லைக்கோட்டை மட்டும் நோக்குவோர்க்கு அவ்வாறு தோன்றும். தலைநகரின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். சகுவானாஸின் பரப்பு 59. ஒருபுறம் மலைத்தொடர், மறுபுறம் பரியா வளைகுடா என நெருக்குண்ட தலைநகருக்கு விரிய இடமில்லை. வீடுகள் அலுவலகங்களாகவும் கடைகளாகவும் மாறின. குடும்பங்கள் புறநகர்களுக்குச் சென்றன. மேற்கே டியேகோ மார்ட்டின் தொடங்கிக் கிழக்கே அரிமா வரை, மலையடிவாரம் நெடுக ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கின்றன. அங்குள்ள ஐந்து உள்ளாட்சிப் பகுதிகளையும் சேர்த்து எண்ணினால் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தரை லட்சம். அதாவது, நாட்டில் ஐவரில் இருவர். அமைச்சகங்களும் துறைமுகமும் வங்கிகளும் தலைநகரிலேயே இருப்பதால், காலையில் அங்கு வந்து குவிவோர் மாலையில் இவ்வூர்களுக்குத் திரும்புகின்றனர். கணக்கெடுப்பாளர் எண்ணுவது ஒருவர் வாழும் இடத்தை. உழைக்கும் இடத்தை அன்று.

மக்கள் இனப்பிரிவிலும் ஒருவர் பெரும்பான்மையர் என்று கூற இயலாது. இந்திய வழியினர் 35.4 விழுக்காடு, ஆப்பிரிக்க வழியினர் 34.2 விழுக்காடு, கலப்பு வழியினர் 22.8 விழுக்காடு. டொபாகோவின் நிலை வேறு. ஸ்கார்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சிறு தீவில் வாழும் ஏறத்தாழ 61,000 பேரில் மிகப்பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர். ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் டிரினிடாடுக்கே சென்றன.

குடியேற்றம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. பொருளாதார நெருக்கடியால் வெனிசுலாவிலிருந்து குறுகிய கடலைக் கடந்து வந்தோரை 2019இல் அரசு பதிவு செய்தபோது, 16,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். பிழைப்புத் தேடி அண்மையில் வந்த அவர்கள், 2011ஆம் ஆண்டின் கணக்கில் இடம்பெறாதவர்கள்.