ஆறரை மணிக் கச்சேரியும் இணைய நாட்காட்டியும்

மார்கழி நெருங்கும்போது சென்னையின் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். பல நிரல்கள் படமாகவே வருகின்றன. அச்சடித்த துண்டறிக்கையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். படத்தில் பாடகர் பெயரைத் தேடுவது கடினம். பார்வையற்ற ரசிகரின் போன் அதைச் சரியாகப் படித்துக் காட்டுவதில்லை. பக்கவாத்தியக்காரர் மாறினாலும் பழைய படம் ஊரைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கிய ஊர் இது. 2017-ல் யுனெஸ்கோ இதை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தது. இங்கே ஒரு கச்சேரியின் நேரத்தை அறிய, படத்தைப் பெரிதாக்கிக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருப்பது நியாயமில்லை. நிரலை முதலில் தரவாக எழுத வேண்டும், அலங்காரம் பிறகு என்பதே என் கட்சி.

தரவு என்றால் என்ன? தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், கலைஞர்கள், கட்டணம் என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் ஒரே ஒருமுறை எழுதி வைப்பது. அதைப் பக்கத்தில் காட்டும் வேலை டெம்ப்ளேட்டுடையது. டெம்ப்ளேட் என்பது வெற்றிடங்கள் விட்ட ஒரு பக்கம். ‘இங்கே தேதி, இங்கே பெயர்’ என்ற குறிகள் மட்டும் அதில் இருக்கும். முறுக்கு உழக்கில் மாவு ஒன்றுதான், போடும் வில்லைக்கு ஏற்ப வடிவம் மாறி விழும். அதே மாதிரி ஒரே தரவிலிருந்து மாதக் கட்டமும் விழும், இன்றைய பட்டியலும் விழும், செல்போன் நாட்காட்டிக்கான கோப்பும் விழும்.

எந்த வில்லை என்பதில் கவனம் வேண்டும். மாதக் கட்டம் பார்க்க அழகு. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே நாளில் ஊரெங்கும் குவியும் கச்சேரிகள் ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடங்குமா? கட்டம் பிதுங்கி, ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பாதி நிகழ்ச்சிகள் மறைந்துவிடும். சீசனுக்கு நாள்வாரிப் பட்டியலே பொருத்தம்: முதலில் நேரம், அடுத்து சபா, பிறகு கலைஞர்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘கச்சேரி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி குறியீட்டில் க, ச, புள்ளி, ச, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என்று ஏழு குறிகள். சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. இடம் போதாமல் ஆறு குறிகளோடு நறுக்கும் டெம்ப்ளேட், ‘கச்சேர’ என்று காட்டும். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதிய கணினி நிரல் செய்யும் வேலை இது. எழுத்தின் எல்லை பார்த்து வெட்டும் வழி இன்று எல்லா முக்கியக் கணினி மொழிகளிலும் உண்டு. யாராவது கேட்டால்தான் போடுகிறார்கள்.

நாட்காட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது வடிவம் ஐகேலண்டர். 1998-ல் வந்து 2009-ல் திருத்தப்பட்டது. இதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்று உண்டு. கச்சேரியைத் தள்ளிவைத்தால், அதே அடையாளத்தோடு வரிசை எண்ணை ஒன்று கூட்டிப் புது நேரத்தை வெளியிடலாம். அந்த நாட்காட்டியைத் தொடர்பவர் போனில் பழைய பதிவே திருந்திவிடும். நேர மண்டலத்தையும் எழுத வேண்டும். ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று குறித்தால், டிசம்பரில் நம் மாலை 6.30, சிங்கப்பூரில் இரவு 9.00 என்றும், சான்பிரான்சிஸ்கோவில் அதிகாலை 5.00 என்றும் தெரியும். விட்டுவிட்டால் எல்லா ஊரிலும் 6.30 என்றே நிற்கும். நேரலையில் கேட்கக் காத்திருக்கும் வெளிநாட்டு ரசிகருக்குக் கச்சேரியே போய்விடும்.

சபா நிரலைவிடக் கடினமானது கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா. ‘வாரந்தோறும் புதன்’, ‘மாதத்தின் இரண்டாவது சனி’ என்றால் ஐகேலண்டரில் ஒரே வரியில் விதி எழுதலாம். இந்த விழாவின் நாளைத் தீர்மானிக்கும் பங்குனி உத்திரமோ சூரியன் மீனத்திலும் சந்திரன் உத்திரத்திலும் இருப்பதைப் பொறுத்தது. 2024-ல் அது மார்ச் 25, 2025-ல் ஏப்ரல் 11. சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகளின்படியும் விதி எழுத 2015-ல் ஒரு நீட்டிப்பு வந்தது. அது ஏற்கும் நாட்காட்டிகளின் பட்டியலில் 1957-ல் அரசு ஏற்ற சக தேசிய நாட்காட்டிக்கு இடமுண்டு. நட்சத்திரம் பார்க்கும் நம் பஞ்சாங்கத்துக்கு இல்லை.

அதனால் திருவிழாத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து ஒருவர் ஆண்டுதோறும் எழுதியே தீர வேண்டும். ஆனால் பத்து நாளையும் எழுத வேண்டியதில்லை. கொடியேற்றம் முதல் நாள், அதிகார நந்தி மூன்றாம் நாள், தேர் ஏழாம் நாள், அறுபத்துமூவர் எட்டாம் நாள் என்ற வரிசை வழிவழியாக வருவது. கொடியேறும் தேதியை மட்டும் கொடுத்தால், ஆறைக் கூட்டித் தேரையும் ஏழைக் கூட்டி அறுபத்துமூவரையும் கணினி நிரலே கணக்கிட்டு டெம்ப்ளேட்டுக்குத் தந்துவிடும். மாடவீதிகளில் போக்குவரத்தை மாற்றிவிடும் காவலருக்கும், தண்ணீர்ப்பந்தல் வைப்பவருக்கும், வெளியூரிலிருந்து டிக்கெட் எடுப்பவருக்கும் அந்த ஒரு தேதியிலிருந்தே தனித்தனிப் பட்டியல் கொடுக்கலாம்.