பழைய வீடியோவும் பதிப்பு நெறியும்

வீடியோ நாடாவில் பதிந்த பழைய படத்தை 'எச்.டி.' படமாக மாற்றித் தருவோர் இன்று பிரிக்பீல்ட்ஸிலும் உளர், கிள்ளானிலும் உளர். திருமணம், தோட்டத்துக் கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றின் வி.எச்.எஸ். நாடாக்களைப் பையில் சுமந்து வருவோர் கேட்பது ஒன்றே: "புதுப்படம் போலத் தெளிவாக வேண்டும்." முடியும் என்று விடையிறுப்பது கடைக்காரர்க்கு எளிது. அவ்வாறு வரும் தெளிவில் நாடா தந்தது எவ்வளவு, பிறர் இட்டு நிரப்பியது எவ்வளவு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டுத் தொலைக்காட்சி 2019ஆம் ஆண்டில் முற்றிலும் இலக்கவியல் முறைக்கு மாறியது. அதுவரை வழங்கிய பழைய முறைக்குப் 'பால்' என்று பெயர். (ரப்பர் மரத்துப் பாலுக்கும் இதற்கும் உறவில்லை.) அம்முறையில் ஒரு படம் 625 வரிகளால் ஆவது, அவற்றுள் காட்சிக்கு உரியவை 576. கணினியில் ஏற்றுங்கால் ஒவ்வொரு வரியையும் 720 புள்ளிகளாகப் பகுப்பர். ஆக, படமொன்றுக்கு 414,720 புள்ளிகள். முழு எச்.டி. படத்திலோ வரிகள் 1080, வரிக்குப் புள்ளிகள் 1920, பெருக்கினால் 2,073,600. பின்னதை முன்னதால் வகுத்தால் மீதியின்றி ஐந்து வரும். ஐந்து புள்ளி நிற்க வேண்டிய இடத்திற்கு நம் கையில் இருப்பது ஒன்று என்பது பொருள். வி.எச்.எஸ். நாடா குறுக்குவாட்டில் தாங்கும் நுட்பம் ஏறத்தாழ 240 கோடுகளே ஆதலின், அந்த ஒன்றும் முழு ஒன்றன்று.

இல்லாத புள்ளிகளை எங்கிருந்து எடுப்பது? பழைய வழி, பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைச் சராசரி பார்த்து இடையில் நிரப்புவது. இதனால் படம் பெரிதாகுமேயன்றித் தெளிவு கூடாது. ஆயினும் பொய் சொல்லாது. புதிய வழி செயற்கை அறிவைக் கொண்டது. தெளிவான படங்களையும் அவற்றையே மங்கலாக்கிய படிகளையும் ஆயிரக்கணக்கில் இணை இணையாகக் காட்டி, மங்கலிலிருந்து தெளிவை ஊகிக்கக் கணினியைப் பழக்குகிறார்கள். பழகிய கணினி, இமைமயிர் இருக்கத்தக்க இடத்தில் இமைமயிரை வரைந்துவிடுகிறது. அது நம் பாட்டியின் இமைமயிரன்று. கணினி முன்பு கண்ட எத்தனையோ முகங்களின் பொதுமையிலிருந்து பிறந்தது.

தமிழாசிரியர்க்கு இச்சிக்கல் புதிதன்று. செல்லரித்த ஏட்டில் ஓரடி சிதைந்து கிடக்குமானால் பதிப்பாசிரியர் என்ன செய்வது? உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்த பாட்டுகள் சிலவற்றிலும் அடிகள் சிதைந்திருந்தன. யாப்புப் பிழையாமல் அவ்விடங்களைத் தாமே நிரப்பும் புலமை ஐயரவர்களுக்கு இல்லாமலில்லை. நிரப்பியிருந்தால் ஓசை இனிதாக இருந்திருக்கும்; ஆனால் அது சங்கப் பாட்டாக இராது. புள்ளியிட்டுக் காட்டிய வெற்றிடம், இங்கே ஒன்று இருந்தது, அஃது இன்னதென அறியோம் என்று நமக்கு அறிவிக்கிறது.

1964இல் வெளிவந்த 'கர்ணன்' படம் 2012இல் புதுப்பொலிவோடு மறுபடியும் திரைக்கு வரவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அது பிலிமில் எடுத்த படம். நல்ல பிலிமில் பழைய தொலைக்காட்சி காட்டியதைவிட மிகுந்த நுட்பம் அடங்கியிருக்கும். அதனைப் புதிய கருவியால் மீண்டும் படியெடுத்தால் அந்நுட்பம் வெளிப்படும். அது மூல ஏட்டைத் தேடிச் செல்வதற்கு ஒப்பாகும். ஒளிநாடாவுக்கு அப்படி வேறொரு மூலம் இல்லை, நாடாவே மூலம். அதிலும் உறவினர் வீட்டுக்காக எடுத்த படிக்குப் படியாயின் இழப்பு இன்னும் பெரிது. ஆதலின் முதன்முதற் பதிவான நாடா யாரிடம் உள்ளது என்று விசாரிப்பது எந்த மென்பொருளினும் மேலான பயன் தரும்.

உண்மையாகவே திருத்தத்தக்க குறை ஒன்று உண்டு. பால் முறையில் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மறுமுறையும் பதிவாகின்றன. கோலாட்டம் ஆடும் சிறுமியின் கை இவ்விடைவெளிக்குள் நகர்ந்துவிடுமாதலால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது கையின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தெரியும். சிலர் பாதி வரிகளைத் தள்ளிவிட்டு வேலையை முடிப்பர். படத்திலும் பாதி போய்விடும். ஒவ்வொரு பாதியையும் தனித்தனிப் படமாக விரித்து, நொடிக்கு 50 படமாக ஆக்குவதே முறை. ஆட்டத்தின் ஓட்டம் அப்போதுதான் கெடாது.

அகல உயரப் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. பழைய படம் நான்குக்கு மூன்று. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. 1080 வரி உயரத்திற்கு நியாயமான அகலம் 1440 புள்ளிகளே. இருபுறமும் 240 புள்ளி அளவு கறுப்பாகவே நிற்கும். திரை நிறையவில்லை என்று குறைபட்டு இழுத்து நிரப்பச் சொன்னால், மணப்பெண் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போவார்!

எம் போன்ற பள்ளிக்காரர்க்குப் பெரிதாகப் படுவது எழுத்துகளின் நிலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளும் கோவிலும் பள்ளிப் பெயர்ப்பலகையும் சிலருக்கு நாடாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மங்கலான பலகையைச் செயற்கை அறிவிடம் கொடுத்தால், எழுத்துப் போலத் தோன்றும், ஆனால் எந்த எழுத்துமாகாத உருக்களை அது வரைந்துவிடக்கூடும். இலக்கத்திலோ இன்னும் ஆபத்து. 1933 என்றோ 1938 என்றோ துணிய முடியாத மங்கல், துணிவான ஓர் 8 ஆக மாறி நிற்கும். 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒருவர், அலுவலகப் படியெடுக்கும் கருவிகள் சில 6ஐ 8ஆக மாற்றிப் பதிவதைக் கண்டு வெளியிட்டார். அவற்றின் சுருக்கமுறை ஒத்த உருக்களை ஒன்றாகக் கொண்டதே காரணம். படி மங்கலாக இருந்திருந்தால் எவரும் ஐயுற்றிருப்பர்; தெளிவாக இருந்தமையால் நம்பினர்.

ஆகவே வாடிக்கையாளர் இரண்டு கோப்புகள் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, 720க்கு 576 அளவில் நாடாவில் உள்ளபடியே ஏற்றியது, கைபடாதது. மற்றொன்று, எச்.டி. ஆக்கியது, என்னென்ன செய்யப்பட்டது என்னும் குறிப்பு அதனுடன் இருத்தல் வேண்டும். குடும்பத்தார் கூடிப் பார்க்க இரண்டாவது போதும். வரலாறு எழுதுவோர்க்கு முதலாவதே சான்று. இதில் காலந்தாழ்த்தலாகாது. வி.எச்.எஸ். கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இன்று ஓடுவன எல்லாம் பழைய கருவிகளே. நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவில் வெண்பூஞ்சையும் படரும். சுருளின் ஓரத்தில் வெண்மை தென்பட்டால் வீட்டுக் கருவியில் போட்டுப் பார்க்காமல் அப்படியே துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும். போட்டுவிட்டால் பூஞ்சை கருவியின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நாடாவுக்கும் தொற்றிக்கொள்ளும்.