திருவிழாப் பருவமும் பூந்தோட்டமும்
தென்னேரி வட்டாரக் குடியானவர்களுக்கு

வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி, காஞ்சிபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளில் ஒன்றை உடைய கிராமமாகும். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கியதே பின்னர்த் தென்னேரி என மருவிற்று என்பர். ஏரி நிரம்பினால் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாய்ச்சல் பெறும். சம்பாவும் அதன் பின்வரும் நவரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஏரியின் நீர்மட்டத்தையும் பொறுத்தவை. இஃது எல்லோரும் அறிந்ததே. ஆனால் மேட்டு நிலமும் கிணறும் உடையவர்களுக்கு மற்றொரு வரும்படிக்கும் வழி உண்டு. அது பூச்சாகுபடி. நெல்லுக்கு மழையைப் பார்ப்பது போலப் பூவுக்குத் திருவிழாவைப் பார்த்துப் பயிரிட வேண்டும்.

ஆண்டு முழுவதும் விழா

பாலாற்றங்கரையில் விழா இல்லாத பருவம் இல்லை. தை மாதம் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்கிறார். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் அவ்விடத்தில் சுற்றுக் கிராமத்தார் திரளாகக் கூடுகின்றனர். பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம்; சித்திரைப் பௌர்ணமியில் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்று உற்சவம்; வைகாசியில் கருடசேவை; ஆடியில் ஊர்தோறும் அம்மனுக்குக் கூழ் வார்த்தல்; புரட்டாசியில் சனிக்கிழமை வழிபாடு; அதனை ஒட்டி நவராத்திரி. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அத்தி வரதர் வைபவம் 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் நடைபெற்றது. இவையன்றி, முகூர்த்த நாட்களில் பட்டுக்காகக் காஞ்சிக்கு வரும் கலியாண வீட்டார் பூவும் வேண்டுவர்.

செடியின் காலமும் சந்தையின் காலமும்

குண்டுமல்லி பங்குனி முதல் ஆனி வரையில் மிகுதியாகப் பூக்கும். சித்திரை, வைகாசி விழாக்களுக்கு இது பொருத்தமே. எனினும் எல்லோருடைய தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பூ வருவதால் விலை சரிந்துவிடும். மார்கழி, தை மாதக் குளிரில் அரும்பு குறையும். அப்பொழுதே விலை ஏறும். கார்த்திகை இரண்டாம் வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்வது வழக்கம். தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் புரட்டாசி இரண்டாம் வாரத்திலேயே கவாத்துச் செய்தால், பூக் குறைந்த காலத்தில் அப்பகுதியில் ஓரளவு பூ கிடைக்கும். அளவு சிறிதாயினும் விலை அதை ஈடுசெய்யும்.

மல்லிகைக்குச் செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி போதும். தண்ணீர் தேங்கும் நிலம் உதவாது. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் தழை வெளுத்தால் அன்னபேதிக் கரைசல் தெளிக்கலாம். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் போதுமானது. அரும்புகளைச் சூரிய உதயத்துக்கு முன் பறித்துவிட வேண்டும்.

நவராத்திரிக்குச் செண்டுமல்லி வேண்டுவோர் ஆனியில் நாற்று விட்டு ஆடியில் நட வேண்டும். நட்ட அறுபது நாளில் பூக்கத் தொடங்கும். இதனை மாற்றுப் பயிராக நட்டால் வேர் நூற்புழுவும் குறையும். சாமந்திக்கும் ஆனி, ஆடியே நடவுக் காலம். பகல் குறுகும்போதுதான் அது பூக்கும் இயல்புடையதாகையால், காலந்தவறி நட்டால் செடி செழித்து வளருவதற்குள் அரும்பு கட்டிவிடும். உவர்ப்புத் தண்ணீர் உள்ள கிணற்றடிக்கு அரளி ஏற்றது. ஆனால் அதன் தழை கால்நடைகளுக்கு நஞ்சாகையால் வேலி அவசியம்.

கவனிக்க வேண்டிய அபாயம்

நெல்லைக் குதிரில் வைத்து விலை பார்த்து விற்கலாம். பூ ஒரு நாளைச் சரக்கு. 2020 மார்ச்சு 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமலானபோது கோயில்கள் அடைக்கப்பட்டன, விழாக்கள் நின்றன, கலியாணங்கள் சுருங்கின. மல்லிகை மிகுதியாகப் பூக்கும் பருவமும் அதுவே. பறித்தால் வாங்குவாரில்லை; பறிக்காவிட்டால் செடியில் மொட்டுப்புழு பெருகும். ஆதலால் பலர் கூலி கொடுத்துப் பறித்து வரப்பில் கொட்ட நேர்ந்தது. நிலம் முழுவதையும் ஒரே பூவுக்கு விட்டவர்களே அதிக நஷ்டம் அடைந்தனர்.

ஆகவே இரண்டு அளவுகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, கோடையில் கிணறு எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் தருமோ அதற்கு மேல் மல்லிகை நடலாகாது. இரண்டாவது, விடியுமுன் பறித்து முடிக்க எத்தனை கைகள் உண்டோ அதற்கு மேற்பட்ட தோட்டம் சுமையே. மல்லிகை ஒரு பங்கு, சாமந்தியும் செண்டுமல்லியும் ஒரு பங்கு, எஞ்சியது தானியம் அல்லது காய்கறி என்று பிரித்துச் செய்தால், ஒன்று தவறினும் மற்றொன்று குடும்பத்தைத் தாங்கும்.

ஏரியே ஆதாரம்

பூந்தோட்டம் கிணற்றை நம்பியது. கிணறோ ஏரியை நம்பியது. ஏரியில் நீர் நின்றால்தான் சுற்றிலும் ஊற்று நிற்கும். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிச் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை பெய்து வெள்ளம் பெருகியது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாகாணம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. வந்த நீரைத் தேக்கி வைக்காத ஊர் அடுத்த ஆண்டிலேயே தவிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2017-ல் அரசாங்கம் குடிமராமத்தைப் புதுப்பித்து, இந்த ஜில்லாவிலுள்ள மணிமங்கலம் ஏரியில் தொடங்கியதும் இதனை உத்தேசித்தே.

இது புதிய யோசனையன்று. ஏறக்குறைய 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தக சோழன் காலத்தில் அவ்வூரில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தனித்தனியே குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஏரியும் தோட்டமும் ஊர்ப் பொதுக் காரியம் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

கிராம உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் ஆவணி முடிவதற்குள் வரத்துக்கால்களைப் பார்வையிட்டு, முட்செடிகளை அகற்றி, மதகு பழுதானால் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்களாக. ஐப்பசி மழை வந்தபின் வெட்டும் கால்வாயால் பயனில்லை. வரத்துக்கால் திறந்திருந்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் வயலில் நெல்லும் கிணற்றடியில் மல்லிகையும் உண்டாகும்.